அப்பறம் வாங்க

கோயமுத்தூரில் யாரும் ‘மறுப்பு’ப் பொத்தானை அழுத்துவதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவன் ரூபன்தான்.

கண்டுபிடிக்க வேண்டும் என்று கிளம்பவில்லை. அவன் வேலை அப்படி. சரவணம்பட்டியில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் சின்னக் கம்பெனி. அவர்களிடம் இருக்கும் ஒரே சரக்கு ‘வாசப்படி’ என்கிற ஆப். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கானது. யாராவது கேட்டுக்கு வந்தால் காவலாளி தன்னிடம் இருக்கும் டேப்லெட்டில் பெயரையும் வீட்டு எண்ணையும் தட்டுவார். அந்த வீட்டுக்காரரின் போனில் நோட்டிஃபிகேஷன் வந்து விழும். இன்னார் வந்திருக்கிறார். கீழே இரண்டு பொத்தான்கள். பச்சையில் அனுமதி, சிவப்பில் மறுப்பு. நோட்டிஃபிகேஷன் போய்ச் சேர்ந்ததா, சத்தம் போட்டதா, தொட்டால் சரியான பக்கம் திறந்ததா என்பதெல்லாம் ரூபன் பொறுப்பு.

ஆப் வந்த புதிதில் புகார் மேல் புகார். கேட்டில் கூட்டம் நிற்கிறது. கூரியர்காரர் நிற்கிறார், மிக்சி சர்வீஸ்காரர் நிற்கிறார், எந்தக் காலத்திலோ கூடப் படித்தவர் சத்துமாவு டப்பாக்களோடு நிற்கிறார். நோட்டிஃபிகேஷன் போகவே இல்லை என்று காவலாளிகள் சொன்னார்கள். ரூபன் பார்த்தான். போயிருந்தது. வீட்டுக்காரர் எடுத்துப் படித்தும் இருந்தார். படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

வேண்டாம் என்றால் சிவப்பை அழுத்த வேண்டியதுதானே என்று ஒரு குடியிருப்புச் சங்கத் தலைவரிடமே கேட்டான்.

“அதெப்படிங்க அழுத்தறது? மனுசன் வாசல் வரைக்கும் வந்துட்டாரு. மூஞ்சிக்கு நேரா மறுப்புன்னு சொல்ல முடியுங்களா?”

“மூஞ்சியே தெரியாதுங்களே. அவரு கேட்ல நிக்கறாரு, நீங்க எட்டாவது மாடில இருக்கறீங்க.”

“இருந்தாலும், சொன்னது நாந்தான்னு அவருக்குத் தெரியுமில்லீங்க.”

“எதுவுமே அழுத்தாம வுட்டுட்டா?”

“தூங்கறான்னு நெனச்சுக்குவாரு. யாருக்கும் சங்கடமில்ல பாருங்க.”

ஊரே இப்படித்தான் இருந்தது. கணக்கெடுத்துப் பார்த்ததில் சிவப்பைத் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களிலும் பாதிப் பேர், தெரியாமல் கை பட்டுவிட்டது என்று காவலாளியைக் கூப்பிட்டு வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

கம்பெனியை நடத்தும் பிரத்யுஷா பல வருஷம் பெங்களூரில் இருந்துவிட்டு வந்தவள். அவளுக்கு இது பிடிபடவே இல்லை.

“அப்ப முடியாதுங்கறத இந்த ஊர்ல எப்படித்தான் சொல்லுவாங்க ரூபன்?”

ரூபன் யோசிக்கவே இல்லை. “அப்பறம் வாங்கன்னு சொல்லுவாங்க.”

“அப்ப அதையே ஒரு பொத்தானா வெச்சிரு.”

வைத்தான். இளமஞ்சள் நிறத்தில் மூன்றாவது பொத்தான். அதை அழுத்தினால் கேட்டில் இருக்கும் டேப்லெட் வாய் திறந்து பேசும். இரண்டு நிமிடம் எதையும் அழுத்தாமல் இருந்தாலும் தானாகவே அதைப் பேசிவிடும். வெறும் எழுத்தாகக் காட்டினால் பணிவு தெரியாது, குரல்தான் வேண்டும் என்று பிரத்யுஷா சொல்லிவிட்டாள். ஆபீஸில் ஒவ்வொருவராகப் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் நின்றது ரூபனின் குரல். கிணத்துக்கடவில் பிறந்து வளர்ந்த குரல். அதில் ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவர் ஏதோ பெற்றுக்கொண்டு போவது போலப் போவார்.

“ஏனுங்க, சங்கடப்பட்டுக்காதீங்க. இப்பக் கொஞ்சம் கைவேலையா இருக்கறோமுங்க. அப்பறம் வாங்க.”

ஆப் பிய்த்துக்கொண்டு போனது. கேட்டுகளில் கூட்டம் கரைந்தது. திரும்பிப் போகிற கூரியர்காரர்கள் டேப்லெட்டைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவதாக மாரப்பன் சொன்னார். மாரப்பன், ரூபன் வாடகைக்கு இருந்த அடுக்ககத்தின் காவலாளி. அங்கேயும் வாசப்படிதான்.

ஒரு விஷயம் மட்டும் ரூபனுக்குத் தெரிந்திருந்தது. அவன் யாரிடமும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ‘அப்பறம் வாங்க’ கேட்டுத் திரும்பிப் போனவர்கள், அப்புறம் வந்ததாகக் கணக்கே இல்லை. எல்லோருக்கும் அர்த்தம் புரிந்திருந்தது.

*

இனியா பல் டாக்டர். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கிளினிக்கில் இருந்தாள். இந்தப் பல் தேறாது, பிடுங்கத்தான் வேண்டும் என்று வாயைத் திறந்து படுத்திருப்பவரிடம் நேராகச் சொல்லிச் சொல்லி, பட்டென்று பேசுவது அவளுக்குக் கைவந்திருந்தது. ரூபனைக் கட்டிக்கொள்ளப் போவதாக அப்பாவிடமும் அப்படித்தான் சொன்னாள்.

அப்பா வேலுமணி பொள்ளாச்சிப் பக்கம் மினி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்ந்தவர். அவர் கையில் விசில் இருந்த காலத்தில் அந்த பஸ் நிற்காத இடமே கிடையாது. யார் கை காட்டினாலும் நிறுத்துவார். கை காட்டாமல் சும்மா நின்றவர்களையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு, “சரி கண்ணு, பையன வந்து பாக்கறேன்” என்றார்.

“சரின்னுட்டாரே, அப்பறம் என்ன?” என்றான் ரூபன்.

“எங்கப்பா சரிங்கறதுக்கு ஒரு அர்த்தமும் இல்ல ரூபா. யாரு என்ன கேட்டாலும் சரிம்பாரு. எங்கத்தைகிட்டயும் சரின்னிருக்காரு.”

அத்தை வள்ளியாத்தாள், வேலுமணிக்கு அக்கா. தன் மகன் திருமலைசாமிக்குத்தான் இனியா என்று, இனியாவுக்குப் பால்பல் விழுந்த நாளிலிருந்து சொல்லி வருகிறவள். இனியா அவள் முகத்துக்கு நேராகவே வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். புள்ளைக்கு வெக்கம் என்று அத்தை சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வரட்டுமா என்று தம்பியிடம் கேட்டாள். தம்பி, சரிங்க்கா என்றார். உறவுக்காரர்கள் முன்னால் பெண் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். அதன் பிறகு மாற்றினால் இரண்டு குடும்பமும் ஆயுசுக்கும் பேசிக்கொள்ளாது.

“திருமலைசாமிகிட்ட அப்படி என்னதான் குறை?”

“ஒரு குறையும் இல்ல. தெனமும் காலைல ரோஜாப்பூ படம் போட்டு குட்மார்னிங் அனுப்பறான். நான் ம்யூட் பண்ணி வெச்சிருக்கறேன். ம்யூட் பண்ணி வெச்சவனக் கட்டிக்க முடியுமா?”

ரூபனுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தொழில்ரீதியாகவும்.

ஆகவே விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வேலுமணி வந்து ரூபனைப் பார்க்க வேண்டும். மனசார ஒரு சரி சொல்ல வேண்டும். அந்தத் தெம்பில் அக்காவிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் பூ வந்துவிடும்.

எப்போது வருவார் என்று ரூபன் கேட்டான். அதைச் சொல்ல மாட்டார் என்றாள் இனியா. சொல்லிவிட்டு வந்தால் வீட்டைக் கூட்டித் துடைத்து வைத்திருப்பார்கள். அது பார்ப்பதில் சேராது.

*

சனிக்கிழமை காலையில் ரூபன் வீட்டைக் கூட்டித் துடைத்தான். தேய்த்த சட்டை போட்டுக்கொண்டான். போனின் சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்தான். சோபாவில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். சும்மா இருக்க முடியவில்லை. நோட்டிஃபிகேஷன் ஏதாவது வந்து விழுகிறதா என்று வாசப்படி ஆப்பைத் திறந்து, திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கெட்டது அதில்தான்.

போனுக்கு என்று ஒரு நியாயம் உண்டு. ஆப் மூடியிருந்தால், நோட்டிஃபிகேஷன் வந்ததும் போனே மணியடித்துத் திரையில் காட்டிவிடும். ஆப் திறந்திருந்தால் காட்டாது. வாசலிலேயே நிற்கிறவனுக்கு எதற்குக் காலிங்பெல் என்று விட்டுவிடும். வந்த சேதியை ஆப்பின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அதை வாங்கித் திரையில் காட்டுவது ஆப்பை எழுதியவன் பாடு. ஊரில் எல்லோருடைய போனிலும் ரூபன் அதை ஒழுங்காக எழுதித்தான் வைத்திருந்தான். அவன் போனில் மட்டும், சோதனைக்காக முந்தின நாள் மாலை ஏற்றிய புதுப் பதிப்பு இருந்தது. அதில் அந்தப் பகுதியைத் திங்கட்கிழமை எழுதிக்கொள்ளலாம் என்று விட்டிருந்தான்.

அவன் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த திரைக்குள் ஒரு சேதி வந்து, சத்தமில்லாமல் செத்துப்போனது.

இரண்டு நிமிடம் கழிந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் இன்டர்காம் அடித்தது. மாரப்பன்.

“ரூபன் சாருங்களா? பெரிய ஒரம்பரை ஒருத்தரு வந்தாருங்க, சொந்தக்காரராட்ட. வெள்ளச் சட்டை. ஒரு பை நெறையத் தேங்கா. நீங்க அப்பறம் வாங்கன்னு சொல்லிப்போட்டீங்க. போயிட்டாருங்க.”

“நான் எப்பங்க சொன்னேன்?”

“இப்பத்தான் சொன்னீங்க. நானும் பக்கத்துலதான நின்னேன். உங்க குரல் எனக்குத் தெரியாதுங்களா?”

“யோவ்... ஏனுங்க மாரப்பண்ணா, ஒரு வார்த்தை எனக்குக் கூப்புட்டுக் கேட்டிருக்கலாமில்லீங்க.”

“மெசினு சொன்னதுக்கப்பறம் ஊட்டுக்காரரக் கூப்புட்டுத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு நீங்கதானுங்களே வந்து கிளாஸ் எடுத்தீங்க.”

“அவரு ஒண்ணும் சொல்லலீங்களா?”

“தங்கமான மனுசங்க. மெசினப் பாத்து, ‘ஒண்ணும் சங்கடமில்லீங்க, நான் அப்பறம் வாரேன்’னு கும்புடு போட்டுட்டுப் போறாரு.”

ரூபன் செருப்பைத் தேடும்போதே போன் அடித்தது. இனியா.

“ஏனுங்க” என்றாள். ரூபன் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டான். இனியாவுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். “எங்கப்பா கூப்புட்டிருந்தாருங்க. உங்க ஊட்டு வரைக்கும் வந்தாராமா. நீங்க வேலையா இருக்கறீங்களாமா. உங்களுக்கு அப்படி என்னங்க வேலை?”

“இனியா, அது நான் இல்ல, மெசின்—”

“எங்க தாத்தா கூலிக்குப் போன தோட்டத்துல கேட்டுக்கு வெளிய நின்னே காலத்தத் தள்ளுனவருங்க. எங்கப்பாவையும் கேட்டுல நிறுத்தித் திருப்பி அனுப்பிச்சுட்டீங்க. ரொம்ப சந்தோசங்க.”

ரூபனின் தாத்தாவும் அப்படி ஒரு கேட்டுக்கு வெளியே நின்றவர்தான். அவன் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டான்.

“அவரு பஸ் ஏறுனா முடிஞ்சுதுங்க. நாளைக்குப் பூ வந்துரும். போயிப் புடிங்க. நான் கிளினிக்ல சொல்லிட்டு உங்க ஊட்டுக்கு வாரேன்.”

*

ரூபன் பைக்கை எடுத்துக்கொண்டு விரட்டியதில், பஸ் ஸ்டாப்புக்கு முன்னாலேயே வேலுமணி அகப்பட்டார். பேக்கரி வாசலில், ஒரு மேசை முன் உட்கார்ந்திருந்தார். இனியா காட்டிய போட்டோவில் இருந்த அதே முகம். காலடியில் தேங்காய்ப் பை. முன்னால் இரண்டு தட்டு, ஒன்றில் பஃப்ஸ், ஒன்றில் தேங்காய் பன், இரண்டும் தொடாமல். எதிரில் டை கட்டிய ஒருவர் அன்னூர்ப் பக்கத்து மனைப்பிரிவு வரைபடத்தை விரித்து வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“கார்னர் பிளாட்டுங்க சார். டோக்கன் போட்டுட்டா உங்களுக்குன்னு நிறுத்தி வெச்சிருவோம். போட்டுரலாமுங்களா?”

“சரிங்க” என்றார் வேலுமணி. முகம் வெளுத்துப்போய் இருந்தது.

“வேண்டாமுங்க” என்றான் ரூபன்.

டை கட்டியவர் நிமிர்ந்து பார்த்தார். “நீங்க யாருங்க சார்?”

“அவருக்கு மனை வேண்டாமுங்க.”

ரூபன் வாழ்நாளில் இவ்வளவு பட்டென்று யாரிடமும் பேசியதில்லை. அவசரம், வேறு வழியில்லை. டை கட்டியவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை. வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். வேலுமணி அவர் போவதையே, மழை நின்றுவிட்டதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“பட்டுன்னு சொல்லிப்போட்டீங்களே தம்பி. அவரு மனசு சங்கடப்படாதுங்களா?” என்றவர், தலையைச் சாய்த்தார். “உங்க குரல எங்கியோ கேட்டிருக்கறேனே. அட, கேட்ல பேசுனது நீங்கதானுங்களா?”

மாமா என்று கூப்பிட இன்னும் உரிமை வரவில்லை. அங்கிள் என்றால் அந்நியமாக இருக்கும். ரூபன், “ஏனுங்க” என்று ஆரம்பித்தான். “அது நான் இல்லீங்க. மெசினுங்க.”

“குரலு உங்களுதாட்ட இருந்துச்சுங்களே.”

“குரலு என்னுதுதானுங்க. ஆனா சொன்னது நான் இல்லீங்க.”

வேலுமணி கொஞ்சம் யோசித்தார். “எலக்சன்ல நிக்கறவங்களாட்டப் பேசறீங்க தம்பி.”

ரூபன் உட்கார்ந்து முழுசாகச் சொன்னான். “உங்களுக்குத்தானுங்க காத்துட்டிருந்தேன். ஆப்பத் தொறந்து வெச்சுப் பாத்துட்டே இருந்தேன். அதனாலதான் நீங்க வந்தது தெரியல.”

“பாத்துட்டே இருந்ததாலயா தெரியல?”

“ஆமாங்க.”

“எங்கூட்ல இருந்தவளும் இதைத்தான் சொல்லுவா. கண்ணு முன்னால இருக்கறது மட்டும் உங்களுக்குத் தெரியாதும்பா.” அவர் சிரித்தார். “நீங்க ஒண்ணும் சங்கடப்படாதீங்க. மெய்யாலுமே சொல்றேன், உங்க மெசினு எனக்குப் பெரிய ஒத்தாசை பண்ணுச்சு.”

“எப்படிங்க?”

“பஸ்ஸுல வாரப்பவே எங்கக்கா கூப்புட்டுச்சு. போயி அந்தப் பையங்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டு வந்துருடான்னுச்சு. சரின்னுட்டேன். அங்கிருந்து வழி முச்சூடும் எறங்கித் திரும்பிரலாமான்னுதான் பாத்துட்டே வந்தேனுங்க. முன்னப்பின்ன தெரியாத பையங்கிட்டப் போயி மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? கேட்டுக்கு வந்தா, உங்க மெசினு அப்பறம் வாங்கன்னுடுச்சு. அப்பாடான்னு கெளம்பிட்டேன்.”

ரூபன் நாற்காலியை முன்னால் இழுத்தான். “அப்ப எனக்குப் பொண்ணு இல்லீங்களா?”

“அப்படிச் சொல்ல முடியுங்களா தம்பி?”

“அப்ப, குடுக்கறீங்களா?”

“சரிங்க” என்றார் வேலுமணி.

ரூபனின் மனசு எகிறிக் குதித்தது. அது தரைக்கு வருவதற்குள் பேக்கரிக்காரர் தட்டோடு வந்து நின்றார். “ஏனுங்க, கீரை போண்டா சூடா எறக்கியிருக்குது. ஒண்ணு வெக்கட்டுங்களா?”

“சரிங்க” என்றார் வேலுமணி, அதே குரலில்.

ரூபன் அந்த மூன்றாவது தட்டைப் பார்த்தான். இவர் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்றுதான் அவன் இவ்வளவு நாளும் பயந்தான். இப்போதுதான் தெரிந்தது, இவரால் யாரிடமும் முடியாது என்று சொல்ல முடியாது. அக்காவுக்குச் சரி, மகளுக்குச் சரி, அன்னூர் மனைக்குச் சரி, போண்டாவுக்குச் சரி. அந்த வரிசையில் ஒரு சரியை வாங்கிக்கொண்டு போய் என்ன செய்வது?

“முந்தியும் இப்படித்தானுங்களா?”

“முந்தி எனக்கென்னங்க கொறை? யாரு எது கேட்டாலும், ஊட்ல கேட்டுச் சொல்றேன்னுடுவேன். அவ பாத்துக்குவா. வாசல்ல நின்னு, வேண்டாமுங்க, போயிட்டு வாங்கன்னுடுவா. ஊர்ல எல்லாருக்கும் அவ மேலதான் கோவம். எம்மேல யாருக்கும் வருத்தமே கெடையாது.” வேலுமணி பன்னை இந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தார். “அவ போனதுக்கப்பறம் ஊட்டுக்குத் தண்ணி சுத்தம் பண்ற மெசினு ரெண்டு வந்துருச்சுங்க. யாரோ வேண்டாம்னு வுட்ட நாய்க்குட்டி ஒண்ணு. எங்கூருக் கோயில்ல கமிட்டி ரெண்டா ஒடஞ்சுது. ரெண்டுலயும் நான்தான் செயலாளர்.”

ரூபன் போண்டாத் தட்டை ஓரமாக நகர்த்தினான். ஆறுதலாக ஏதாவது சொல்லலாம். சொன்னால் அதற்கும் சரிங்க என்பார்.

“ஏனுங்க, உங்க சரி எனக்கு வேண்டாமுங்க” என்றான்.

“சங்கடப்பட்டுட்டீங்களா தம்பி?”

“இல்லீங்க. ஒரே ஒரு தடவை முடியாதுன்னு சொல்லுங்க. எங்கிட்டயே சொல்லுங்க. பொண்ணக் குடுக்க முடியாதுன்னு சொன்னாலும் சரி. நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

வேலுமணி முயன்றார். “மு” என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்க மெசினு சொன்னாப்பல, அப்பறம்னு வேணாச் சொல்லட்டுங்களா?”

“அது கூடாதுங்க. அந்த வார்த்தையப் பொத்தானாப் போட்டு ஊர் பூராவும் வித்தது நாந்தான். அதுக்குள்ள ஒண்ணும் கெடையாதுங்க.”

அப்போது வேலுமணியின் சட்டைப் பையில் போன் அலறியது. எடுத்து எட்டப் பிடித்துப் பார்த்தார். முகம் மறுபடி வெளுத்தது. ரூபன் பக்கம் திருப்பிக் காட்டினார். அக்கா. பஸ் இரைச்சலிலேயே வாழ்ந்த காது என்பதால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“ஏண்டா வேலு, சொல்லிட்டியா அந்தப் பையங்கிட்ட?”

“பக்கத்துலதான் இருக்காப்பலங்க்கா.”

“அப்பச் சொல்லு. நாளைக்கு வண்டி பேசியாச்சு. பூவுக்குச் சொல்லியாச்சு, பொடவையும் எடுத்தாச்சு. காலைல நேரத்துலயே வந்துருவோம். சரிதான?”

வேலுமணி வாயைத் திறந்தார். வாய் பழைய தடத்தில் போனது. “ஊட்ல கேட்டுச் சொல்றேனுங்க்கா.”

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. பேக்கரிக்காரர் டீ ஆற்றும் சத்தம் மட்டும் கேட்டது. வள்ளியாத்தாளின் குரல் இறங்கி, மெதுவாக வந்தது.

“ஊட்ல யாருடா இருக்கறா, வேலு?”

வேலுமணி போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். ரூபன் போண்டாவைப் பார்த்தான். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

“இனியா இருக்குதுங்க்கா” என்றார் வேலுமணி. “அதுகிட்டக் கேட்டேன். வேண்டாங்குது.”

“அது சின்னப்புள்ள. நீ என்ன சொல்றே?”

“நானும்...” அவர் ரூபனை ஒருமுறை பார்த்தார். “நானும் வேண்டாங்கறேன்.”

“என்னது?”

“வேண்டாமுங்க்கா. நாளைக்குப் பூ வேண்டாம். வண்டி வேண்டாம். திருமலைசாமி நல்ல பையன். ஆனா வேண்டாம்.”

விசில் கையில் கிடைத்த குழந்தை மாதிரி, ஒருமுறை ஊதியதும் அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

“நீயாடா பேசறே?” என்றாள் வள்ளியாத்தாள்.

“ஆமாங்க்கா.”

“அவளாட்டவே பேசறே.”

போனில் தெரியாது என்பதை மறந்து, வேலுமணி தலையை ஆட்டினார்.

“சரி, வையி” என்றாள் அக்கா. “பொடவைய மாத்திக் குடுப்பானான்னு கடைல கேக்கோணும்.”

போன் அணைந்தது. வேலுமணி அதை மேசை மேல் வைத்துவிட்டு, துண்டை எடுத்துக் கண்ணையும் கழுத்தையும் சேர்த்துத் துடைத்தார். பேக்கரிக்காரர் மறுபடி வந்தார். “ஏனுங்க, டீ—”

“வேண்டாம்” என்றார் வேலுமணி, அவர் முடிப்பதற்குள். தானே அதிர்ந்துபோய் ரூபனைப் பார்த்தார். பிறகு மெதுவாக அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு வந்தது.

“தம்பி, இப்ப உங்களையும் நான் வேண்டாம்னு சொல்லலாமில்லீங்க?”

“சொல்லலாமுங்க.”

“அது தெரிஞ்சேதான் சொல்லிக் குடுத்தீங்களா?”

“ஆமாங்க.”

வேலுமணி தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டார். “ஊட்டப் பாத்துட்டுச் சொல்றேன். நடங்க.”

*

பைக்கின் பின்னால் தேங்காய்ப் பையோடு உட்கார்ந்திருப்பவரால் உண்மையிலேயே முடியாது என்று சொல்ல முடியும். ரூபனுக்கு இப்போதுதான் அசல் பயம் வந்தது. ஸ்பீட் பிரேக்கர்களில் குழந்தையைத் தூக்கிப் போவது போல ஏறி இறங்கினான்.

இனியா முன்னாலேயே வந்து கதவருகில் நின்றாள். கிளினிக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. “வாங்கப்பா” என்றாள். ரூபனைப் பார்த்து, “வாங்க” என்றாள். கோபம் இன்னும் இறங்கவில்லை.

வேலுமணி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க வாய் திறந்துகொண்டது.

“இந்த பாத்ரூம் கதவு சாத்த மாட்டேங்குது. இது ஆகாது.”

“மாத்தீரலாமுங்க.”

“துணி காயப்போட எடம் பத்தாது. சமையக்கட்டுல வெளிச்சமே இல்ல. நல்லால்ல.” சோபாவில் உட்கார்ந்து எழுந்தார். “இது வேண்டவே வேண்டாம். இடுப்பு போயிரும்.”

இனியா ரூபனைச் சமையலறைப் பக்கம் இழுத்தாள். “எங்கப்பாவ என்ன பண்ணுனே?”

மரியாதை இறங்கியிருந்தது. ரூபனுக்குப் பாதி உயிர் வந்தது. “ஒண்ணும் பண்ணல.”

“இந்த மனுசன் வாயிலருந்து நல்லால்லங்கற வார்த்தைய நான் கேட்டதே இல்ல. எங்கம்மா செத்தப்பக்கூட, வந்தவங்ககிட்டயெல்லாம், பரவால்லீங்க, பரவால்லீங்கன்னு சொல்லிட்டு நின்னாரு.” அவள் கண்ணைச் சிமிட்டிக்கொண்டாள். “அத்தைக்குச் சொல்லிட்டாரா?”

“சொல்லிட்டாரு. வேண்டாம்னு. நாலஞ்சு தடவை.”

“உனக்கு?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

வேலுமணி பால்கனியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தியிருந்த கார்களை, உள்ளே வர இடமில்லாமல் பின்னால் போய்க்கொண்டிருந்த வேனை, சுற்றுச்சுவரை எல்லாம் நிதானமாகப் பார்த்தார். பஸ் கிளம்புவதற்கு முன் ஆள் எண்ணுகிற கண்டக்டர் மாதிரி. பிறகு திரும்பினார்.

“அம்மணி.”

“சொல்லுங்கப்பா.”

“கல்யாணம் இங்க வேண்டாம்.”

ரூபனின் காது ‘வேண்டாம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அடைத்துப்போனது. இனியா அவன் முழங்கையை அழுத்திப் பிடித்தாள். அவள் சிரிக்கிறாள் என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

“வண்டி நிறுத்த எடமே இல்ல இந்த ஊர்ல” என்றார் வேலுமணி. “பொள்ளாச்சிலதான் வெக்கோணும். தம்பி, உங்க ஊட்டாளுக கிணத்துக்கடவுல வெக்கலாம்னு சொல்லுவாங்க. முடியாதுன்னு இப்பவே சொல்லீருங்க.”